எல்வியோ பத்தி

மே மாதக் கூட்டத்தில் நீவெஸ் சுவரில் படத்தை ஒளிரவிட்டதும் கிளப்பில் இருந்த அத்தனை பேரும் பீர் கிளாஸைக் கீழே வைத்தார்கள். அறிவியலுக்குக் கிடைத்த மரியாதை என்று அவள் எடுத்துக்கொண்டாள். இப்படி எடுத்துக்கொள்வதில் அவளுக்கு நீண்ட அனுபவம் உண்டு.

ஆஸ்திரேலியாவின் ஹெர்பர்ட் ஆற்றுப் பகுதியின் மொத்தக் கரும்பும் அந்தப் படத்தில் இருந்தது. மழைக்காலம் முழுக்க மேகம் மூடிக் கிடந்து, ஏப்ரல் கடைசியில்தான் செயற்கைக்கோளுக்கு ஒரு தெளிந்த காலை வாய்த்தது. அந்த ஒரு காலையின் பச்சையை அளந்து, அரவை தொடங்குமுன்பே எந்த வயலில் ஹெக்டேருக்கு எத்தனை டன் வரும் என்று சொல்வது விவசாயிகள் சங்கத்தில் அவள் வேலை. மஞ்சள் என்றால் சுமார். இளம்பச்சை என்றால் தேவலை. கரும்பச்சை என்றால் அந்த வீட்டில் இந்த வருஷம் புது டிராக்டர். ஆலை எத்தனை வாரம் ஓட வேண்டும், கரும்பு ரயிலின் பெட்டிகள் எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதெல்லாம் அவள் கணக்கைப் பார்த்துத்தான் முடிவாகும்.

"மாவட்டத்துலயே பச்சை அதிகம் இங்கதான்," என்று சிவப்பு ஒளிப்புள்ளியை ஆற்று வளைவில் நிறுத்தினாள். "நூத்திப் பன்னெண்டு டன்." பிறகு, அடக்கமாக இருப்பதாக நினைத்துக்கொண்டு, "எங்க வயல்தான்," என்றாள்.

ஆற்றோரத்து ஆறு குடும்பங்கள் சேர்ந்த அறுவடைக் குழுவுக்குக் கரும்பு வெட்டும் இயந்திரக்காரர் மெர்வ், தன் கிளாஸுக்குள் எதையோ தொலைத்தவர்போலப் பார்த்துக்கொண்டிருந்தார். இத்தாலிய வழக்கப்படி எல்லோரும் 'சியோ', அதாவது மாமா, என்று கூப்பிடும் பக்கத்து வயல்காரர் சிஸ்தோ இருமினார்.

கூட்டம் முடிந்து லாமிங்டன் கேக்கைச் சுற்றி எல்லோரும் நின்றபோது மெர்வ் அவள் அருகே வந்தார்.

"ஆத்தோரமா போனேன் நீவெஸ். உன் வயல்ல பூ நல்லா பூத்திருக்கு."

"எல்வியோவுக்குப் பூன்னா பிடிக்கும்."

"ஊதாப் பூ."

"அழகா இருக்குமே."

மெர்வ் அவளைச் சற்று நேரம் பார்த்தார். "அழகுக்கென்ன," என்று சொல்லிவிட்டு இன்னொரு துண்டு கேக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

இத்தனை வருஷப் பழக்கத்தில் மெர்வ் பூவைப் பற்றிப் பேசி அவள் கேட்டதில்லை. துக்கம் சுற்றியிருப்பவர்களையும் எப்படி மென்மையாக்கிவிடுகிறது என்று காரில் ஏறும்போது நினைத்துக்கொண்டாள். கண்கூட லேசாக நனைந்தது.

அவள் கணவன் எல்வியோ போன நவம்பரில் இறந்தான். கடைசி வெட்டு முடிந்த மறுவாரம், ஆற்றோர வயலின் பம்ப் கொட்டகைக்குப் பக்கத்தில், பிக்கப் வண்டிக்குள், கதவு திறந்தபடி. இதயம். சிஸ்தோதான் பார்த்தார். அதன்பிறகு நீவெஸ் அந்த வயலுக்குப் போகும் மண்பாதையில் வண்டியைத் திருப்பவில்லை. போகாமல் இருப்பதற்கு நல்ல காரணம் இருந்தது. தினமும் காலையில் ஆபீஸ் கணினியில் அந்த வயலைப் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறாள்? வீட்டிலிருந்து பார்த்தால் வேலிதான் தெரியும். வானத்திலிருந்து பார்த்தால் எல்லாம் தெரியும். இதை அவள் உண்மையாகவே நம்பினாள்.

அவர்கள் கல்யாண வாழ்க்கையில் பாதி இப்படித்தான் ஓடியது. அவள் மேலிருந்து பார்ப்பாள், அவன் கீழிருந்து பார்ப்பான். படத்தில் ஏதாவது வயல் சந்தேகமாக இருந்தால் போன் போட்டு, "அந்தப் பாலத்துக்கு அந்தாண்ட இருக்கிற துண்டு, போய்ப் பாரேன்," என்பாள். அவன் பிக்கப்பில் போய், வரப்பில் நின்று, இரண்டு கரும்பை உதைத்துப் பார்த்துவிட்டு ஒரே ஒரு வார்த்தை சொல்வான்.

அந்த வார்த்தையில்தான் சிக்கல். இந்தப் பக்கத்தில் எந்த விவசாயியும் விளைச்சல் நன்றாக இருப்பதாகச் சொல்ல மாட்டான். சொன்னால் அன்றைக்கே புயல் வரும், அல்லது சொந்தக்காரர்கள் வருவார்கள். அதனால் எல்வியோவின் சொற்களை நீவெஸ் டன்னாக மாற்றி வைத்திருந்தாள். 'மோசமில்ல' என்றால் நூற்றுக்கு மேல். 'பரவால்ல' என்றால் எண்பத்தைந்து. 'இருக்கு' என்றால் எழுபது. 'மழைதான் காரணம்' என்றால் அறுபதுதான். ஒன்றும் சொல்லாமல் தொண்டையைச் செருமினால் அந்த வயல்காரனுக்குப் பெண் கொடுக்கக்கூடாது. 'நல்லாருக்கு' என்று அவன் ஒரே ஒரு முறை சொல்லிக் கேட்டிருக்கிறாள். அப்போது வயலின் சொந்தக்காரர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

கணினியின் பெரிய அட்டவணையில் செயற்கைக்கோள் தரும் எண்களுக்கு அடுத்து ஒரு பத்தியை இதற்காகவே ஒதுக்கியிருந்தாள். தலைப்பில் 'எ' என்று மட்டும் போட்டிருந்தாள். ஒருமுறை பிரிஸ்பேனிலிருந்து வந்த ஆய்வாளர்கள், வேறெங்கும் இல்லாத அளவுக்கு உங்கள் கணக்கு துல்லியமாக இருக்கிறதே, இந்த 'எ' என்பது என்ன காரணி என்று கேட்டார்கள். தரைமட்ட அளவீடு என்றாள். அவர்கள் மரியாதையாகக் குறித்துக்கொண்டார்கள்.

மகள் தானியா டவுன்ஸ்வில்லில் நர்ஸ். கூட்டத்துக்கு முன்பே, ஈஸ்டருக்கு வந்தவள் சமையலறை மேசையில் உட்கார்ந்து விஷயத்தைத் தொடங்கினாள்.

"மா, சியோ சிஸ்தோ ஆத்தோர வயலைக் குத்தகைக்கு எடுத்துக்கறேங்கறாரு. குடுத்துடேன்."

"எதுக்கு?"

"உன்னால தனியா பாத்துக்க முடியாது."

"தினம் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

"கம்ப்யூட்டர்ல பாக்கறது பாக்கறது இல்லம்மா."

"அதுக்குத்தான்டி எனக்குச் சம்பளம் தர்றாங்க."

தானியா காபிக் கோப்பையைத் தள்ளிவைத்தாள். அப்பாவுடைய பிடிவாதம் அது. கோப்பையைத் தள்ளுகிற விதம் உட்பட.

"சரி," என்றாள் நீவெஸ். "ஒரு ஒப்பந்தம். இந்த வருஷம் எண்பது டன்னுக்கு மேல வந்தா வயல் என்கிட்ட இருக்கும். நீ அப்புறம் இந்தப் பேச்சையே எடுக்கக்கூடாது. கீழ வந்தா சிஸ்தோவுக்கு. சம்மதமா?"

"சம்மதம். பேச்சு மாறக்கூடாது."

மேகத்தின் ஓட்டைகள் வழியாக எடுத்த முதல் படங்கள் அன்றைக்கே அவளிடம் இருந்தன. எல்லாவற்றிலும் ஆற்று வளைவு கரும்பச்சை. பெற்ற பெண்ணையே ஏமாற்றுகிறோமோ என்று ஒரு கணம் அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

ஜூன் மாதம் அரவை தொடங்கியது. முதல் சுற்றில் ஆற்றோர வயலின் முறை வந்த அன்று காலை மெர்வ் போன் செய்தார்.

"நீவெஸ், நீ கொஞ்சம் இங்க வரணும்."

"என்ன, பெட்டி பத்தலயா?"

"பெட்டி நிறைய இருக்கு," என்றார் மெர்வ்.

அவர் குரலில் இருந்த ஏதோ ஒன்று அவளை அந்த மண்பாதையில் திருப்பியது. பம்ப் கொட்டகையைப் பார்க்காமல் கடப்பது எப்படி என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு போனாள். கடக்கும்போது பார்த்தாள். கொட்டகை கொட்டகையாகத்தான் இருந்தது. பிறகு வயலைப் பார்த்தாள்.

கரும்பைக் காணவில்லை.

இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரே பச்சைப் போர்வை. வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியூர் போகிறவர்கள் நாற்காலி மேசைமேல் துணியை விரித்துவிட்டுப் போவார்களே, அதுபோல வயல்மேல் கொடியை யாரோ விரித்துவிட்டுப் போயிருந்தார்கள். அதன்மேல் ஆயிரக்கணக்கில் ஊதாப் பூ. மெர்வ் பொய் சொல்லவில்லை, அழகாகத்தான் இருந்தது. அங்கங்கே கரும்புத் தோகை ஒன்றிரண்டு, மூழ்குகிறவன் கையைத் தூக்குவதுபோல வெளியே தெரிந்தது. ஓரத்தில் மெர்வின் இயந்திரம் நின்றது. அதன் வாயிலிருந்து கொடி கயிறு கயிறாகத் தொங்கியது.

"நாலு அடி போனேன்," என்றார் மெர்வ். "அதுக்குள்ள சுத்திக்கிச்சு."

"இது எப்பலேர்ந்து இப்படி?"

"மார்ச்லேர்ந்து."

"யாருக்கெல்லாம் தெரியும்?"

மெர்வ் தொப்பியைக் கழற்றி யோசித்தார். "ஆலையில புதுசா ஒரு பொண்ணு சேர்ந்திருக்கே, அதுக்குத் தெரியாதுன்னு நினைக்கிறேன்."

"நான் கூட்டத்துல படம் காட்டினப்ப?"

"எல்லாருக்கும் தெரியும்."

"யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"நான் சொன்னேன். பூ பூத்திருக்குன்னு."

"நீ ஏதோ ஆறுதல் சொல்றேன்னு நினைச்சேன், மெர்வ்."

"ஊதான்னு வேற சொன்னேன்," என்றார் மெர்வ், லேசாக மனம் புண்பட்டு.

அவரைக் கோபித்துப் பயனில்லை. இந்தப் பக்கத்தில் அடுத்தவர் வயலில் களை இருக்கிறது என்று முகத்துக்கு நேரே சொல்வது, உங்கள் வீட்டுக் குழந்தை அழகாயில்லை என்று சொல்வது போன்றது. பூ என்பதே வரம்பு மீறிய பேச்சு. அதை அவர் ஒரு விதவையிடம் இரண்டு முறை சொல்லியிருக்கிறார்.

இயந்திரத்தின் ஜன்னல் ஆடாமல் இருக்க ஒரு காகிதத்தை மடித்துச் செருகியிருந்தார் மெர்வ். அதிலிருந்து ஒரு பெண்ணின் பாதி முகம் அவளைப் பார்த்தது. எங்கேயோ பார்த்த முகம் என்று குனிந்தாள். அவளே அச்சடித்து வீடுவீடாக அனுப்பிய துண்டறிக்கை. கொடி ஏறிய வயல் மேலிருந்து பார்த்தால் அமோக விளைச்சல் போலத் தெரியும், செயற்கைக்கோளுக்குக் கொடியும் பச்சைதான் கரும்பும் பச்சைதான், ஆகவே எண்ணை நம்புமுன் வயலுக்குள் நடந்து பாருங்கள். கீழே அவள் பெயர், படிப்பு, புன்னகை.

"நல்ல கெட்டிக் காகிதம்," என்றார் மெர்வ்.

அவள் சிரித்தாள். தொடங்கிய பிறகு நிறுத்த முடியவில்லை. சிரிப்பு நடுவில் வேறொன்றாக மாறியபோது மெர்வ் திரும்பி நின்று, இயந்திரத்தின் வாயிலிருந்து கொடியை ஒவ்வொன்றாகப் பிடுங்க ஆரம்பித்தார். அவள் முடிக்கும்வரை பிடுங்கினார். பிறகு சொன்னார்:

"ட்ரோன்ல மருந்தடிச்சுக் காயவிடுவோம். கடைசிச் சுத்துல வெட்டறேன்."

"குழுவுல மத்தவங்ககிட்டக் கேக்கணுமே."

"கேட்டாச்சு. ஏப்ரல்லயே பேசிட்டோம்."

அவளுக்கு மறுபடியும் சிரிப்பு வரப் பார்த்தது. "உன் கணக்குல எவ்வளவு தேறும்?"

"நாப்பத்தஞ்சு," என்றார் மெர்வ்.

எண்பதில் பாதிக்குக் கொஞ்சம் மேல். வயல் அவள் கையைவிட்டுப் போகிறது. அதுவும் அவளே போட்ட ஒப்பந்தத்தில்.

ஆபீஸுக்குத் திரும்பி அட்டவணையைத் திறந்தாள். கொடியை நல்ல விளைச்சலாகக் காட்டுவது செயற்கைக்கோளின் பழைய வழக்கம். அதைத் தடுக்கத்தான் 'எ' பத்தி. இந்த வருஷம் அந்தப் பத்தியில் யாரும் எதுவும் எழுதவில்லை, காலியாக இருக்க வேண்டும். இல்லை. ஆற்றோர வயலுக்கு நேரே 'மோசமில்ல' என்று இருந்தது. அதற்கு மேலே, கீழே, மாவட்டம் முழுக்க, 'பரவால்ல', 'இருக்கு', 'மழைதான் காரணம்'.

காலியிடம் கண்டால் போன வருஷத்து வார்த்தையை எடுத்துப் போட்டுக்கொள் என்று எந்தக் காலத்திலோ அவள்தான் கணினிக்குச் சொல்லி வைத்திருந்தாள். எல்வியோ பன்றியிறைச்சியை அடைத்துச் சலாமி போடும் நாட்களில் போன் எடுக்க மாட்டான் என்பதற்காகச் செய்த ஏற்பாடு. அவன் இறந்தது அதற்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லை. ஒரு விதத்தில் அதுவும் இந்த ஊர்க்காரர்களைப் போலத்தான் நடந்துகொண்டிருந்தது.

ஆற்றோர வயலின் 'மோசமில்ல'மீது அம்புக்குறியை வைத்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். அழிக்க மனம் வரவில்லை. அழித்தால்தான் கணக்கு சரியாகும். அன்று கணக்கு சரியாகவில்லை.

அடுத்த சனிக்கிழமை சிஸ்தோவின் கொட்டகையில் நின்றிருந்த எல்வியோவின் பிக்கப்பைக் கேட்டு வாங்கினாள்.

"பேட்டரி செத்துப் போச்சு," என்றார் சிஸ்தோ. சொன்ன பிறகு அந்தச் சொல்லுக்காக வருந்துவதுபோலக் கீழே பார்த்தார். "புதுசு போட்டு வச்சிருக்கேன்."

"எப்ப போட்டீங்க சியோ?"

"கேப்பேன்னு தெரியும்," என்றார் அந்தக் கிழவர். அவளுக்கு ஐம்பத்தெட்டு வயது. அவரைப் பொறுத்தவரை நேற்றுக் கல்யாணமாகி வந்தவள்.

இருக்கை எல்வியோவின் காலுக்கு ஏற்பப் பின்னால் தள்ளியிருந்தது. அவள் கால் பெடலுக்கு எட்டவில்லை. இருக்கையை முன்னால் இழுக்க ஒரு நிமிஷம்தான் ஆகும். அவள் வீட்டிலிருந்து ஒரு தலையணையைக் கொண்டுவந்து முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள்.

மருந்து பட்டுக் கொடி பழுப்பாகச் சுருண்டிருந்தது. கத்தியால் வழி வெட்டிக்கொண்டு உள்ளே போனாள். முழுக்கைச் சட்டை போட வேண்டும் என்பதுகூட அவளுக்கு நினைவில்லை. தோகை கையெல்லாம் கீறியது. நடு வயலில் நின்று, பழக்கதோஷத்தில் போனை எடுத்து வயலின் படத்தைத் திறந்தாள். கரும்பச்சைக்கு நடுவில் ஒரு சிறிய நீலப் புள்ளி துடித்துக்கொண்டிருந்தது. அது அவள்தான். தன்னைத் தானே வானத்திலிருந்து பார்த்துக்கொண்டு சேற்றில் நிற்கும் பெண் இந்த மாவட்டத்தில் வேறு யாரும் இருக்க முடியாது. போனைப் பையில் போட்டுவிட்டுக் கரும்பை எண்ண ஆரம்பித்தாள்.

அந்த மாதம் முழுக்கச் சனிக்கிழமைகளில் போனாள். வரிசையை அளந்து, கழிகளை எண்ணி, சிலவற்றை வெட்டி எடைபோட்டு, ஆளுயரத்துக்குக் கொடி இறுக்கி வளைத்திருந்த இடங்களைக் கழித்து, கடைசியில் அறுபத்திரண்டு என்று முடிவுக்கு வந்தாள். பிறகு, இவ்வளவு தூரம் வந்தாயிற்று என்று, படத்தில் சந்தேகத்துக்கு இடமான மற்ற கரும்பச்சை வயல்களுக்கும் பிக்கப்பை ஓட்டினாள். ஒவ்வொரு வரப்பிலும் நின்று இரண்டு கரும்பை உதைத்தாள். எதற்கு உதைப்பது என்று எல்வியோவிடம் ஒருநாளும் கேட்டதில்லை. உதைத்துப் பார்த்தும் விளங்கவில்லை. கால்தான் வலித்தது.

ஆலைக்குத் திருத்திய கணக்கை அனுப்புமுன் 'எ' பத்தியில் தன் வார்த்தைகளைப் போட்டுக்கொண்டே வந்தாள். ஆற்றோர வயலின் கட்டத்தைக் கடைசியாக விட்டு வைத்திருந்தாள். 'மோசமில்ல' போயிற்று. அந்த இடத்தில் 'மழைதான் காரணம்' என்று தட்டினாள். அந்த வருஷம் மழையின் மேல் ஒரு குற்றமும் கிடையாது. ஆனால் அறுபதுக்கு அந்த அகராதியில் வேறு சொல் இல்லை.

அக்டோபரில் மெர்வ் வெட்டினார். ஆலையின் எடை வந்த அன்று மாலை தானியாவுக்குப் போன் செய்தாள்.

"அறுபத்தொண்ணு," என்றாள்.

"செயற்கைக்கோள் என்ன சொல்லிச்சு?"

"நூத்திப் பன்னெண்டு."

"மெர்வ்?"

"நாப்பத்தஞ்சு."

"நீ நடந்து பாத்தேல்ல, நீ?"

"அறுபத்திரண்டு."

"ம்ம்," என்றாள் தானியா. அவள் குரல் இறங்கியது. "மா, நீ வேணும்னா வச்சுக்கோ. நான் ஒண்ணும் சொல்லல."

எதிர்பாராமல் கையில் விழுந்த இந்தச் சலுகையை நீவெஸ் சற்று நேரம் பிடித்துப் பார்த்தாள். வயலை வைத்துக்கொள்ளலாம். உரம், களை, மருந்து, பம்ப் என்று வாரத்தில் ஏழு நாளும் எல்வியோ செய்ததை அவள் செய்யலாம். செய்வாளா? ஒரு வயலை ஒரு மழைக்காலம் முழுக்க வானத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தவள் அவள்.

"பேச்சு மாறக்கூடாதுன்னு நீதான்டி சொன்ன. சிஸ்தோகிட்டக் குடுத்துடறேன். வண்டியை மட்டும் நான் வச்சுக்கறேன்."

"வண்டி எதுக்கும்மா?"

"வேலைக்கு."

சீசன் முடிந்த விருந்தில் வழக்கம்போலத் தங்கக் கத்தியை வெளியே எடுத்தார்கள். அது துருப்பிடித்த பழைய கரும்புவெட்டுக் கத்தி. யாரோ பொன்நிறப் பெயின்ட் அடித்தது. அந்த வருஷம் தன் வயலின் கணக்கில் எல்லோரையும்விட அதிகம் தவறியவருக்கு அதைக் கொடுப்பார்கள். வாங்கியவர் அடுத்த விருந்துவரை வீட்டு வரவேற்பறையில் மாட்டியே ஆக வேண்டும். எல்வியோ இரண்டு முறை வாங்கியிருக்கிறான். இரண்டு முறையும் நீவெஸ் வந்த விருந்தாளிகளிடம், தன் கணக்கு சரியாகத்தான் இருந்தது என்று தனியாகச் சொல்லி வைத்தாள்.

"ஐம்பத்தொரு டன்," என்று மேடையிலிருந்து மெர்வ் அறிவித்தார். "இதுக்கு முன்னால இந்த அளவுக்குத் தப்பா யாரும் சொன்னதில்ல. இனிமேலும் செயற்கைக்கோள் இல்லாம யாராலயும் முடியாது."

சிரிப்பில் கிளப் கூரை அதிர்ந்தது. அவளும் சிரித்துக்கொண்டே போய் வாங்கினாள். வீட்டுக்கு வந்து கத்தியை மாட்ட ஆணி தேடியபோது, வரவேற்பறைச் சுவரில் பழைய ஆணி அப்படியே இருந்தது. மூன்றாவது முறையும் வரும் என்று எல்வியோ அதைப் பிடுங்காமல் விட்டிருக்க வேண்டும்.

அடுத்த மே மாதம், ஆலையில் சேர்ந்த அந்தப் புதுப் பெண் போன் செய்தாள். நீவெஸ் அப்போது ஆற்றோரம், சிஸ்தோ பார்த்துக்கொள்ளும் வயலின் வரப்பில் நின்றுகொண்டிருந்தாள். கரும்பு தலைக்கு மேலே நின்றது. ஒரு கொடிகூட இல்லை. பம்ப் கொட்டகை நிழலில் பிக்கப்பை நிறுத்தி, கதவைத் திறந்தே விட்டிருந்தாள்.

"மேடம், படத்துல ஆத்து வளைவு ரொம்பப் பச்சையா காட்டுது. போன வருஷம் மாதிரி ஆயிடக்கூடாதில்ல, அதான் கேட்டேன். எப்படி இருக்கு?"

நீவெஸ் இரண்டு கரும்பை உதைத்துப் பார்த்தாள்.

"மோசமில்ல," என்றாள்.

மறுமுனையில் விசைப்பலகை சத்தம் நின்றது. "அதை எத்தனை டன்னுன்னு போட்டுக்கட்டும் மேடம்?"

"அதை நீங்கதான்ம்மா மாத்திக்கணும்," என்று சொல்லிவிட்டு நீவெஸ் வண்டியில் ஏறி, முதுகுக்குப் பின்னால் தலையணையைச் சரிசெய்துகொண்டாள்.